கைவிட்ட தொட்டி, கஷ்டப்படும் மீன்கள்: வாசகர் கேள்வி-பதில்

வாடகைக்கு வந்த வீட்டில், முன்பு குடியிருந்தவர் 2 அடித் தொட்டி ஒன்றை மீன்களோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர் டீத்தண்ணி நிறம். நான்கு கோல்ட் ஃபிஷ் உயிரோடு இருக்கின்றன. மொத்தமாகக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றிவிடலாமா? (வேளச்சேரி)

வேண்டாம். அந்தத் தண்ணீரைப் பார்த்தால் கை பரபரக்கும்தான். ஆனால் நான் பார்த்தவரை, மாதக்கணக்கில் அழுக்கில் தாக்குப்பிடித்த மீன்கள் காப்பாற்ற வந்தவர் தொட்டியைக் கழுவிய அன்றுதான் சாகின்றன.

காரணம் இதுதான். தண்ணீர் மாற்றாத தொட்டியில் கழிவிலிருந்து அமிலம் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீரில் இருக்கும் கார்பனேட் அதைச் சமாளித்துச் சமாளித்துத் தீர்ந்துவிடும். அப்புறம் பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 6க்கும் கீழே இறங்கும். அந்த நிலையில் கழிவை உடைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடுவதால் அம்மோனியா தேங்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவத்தில் இருக்கும். அதனால் மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை. இந்த நேரத்தில் பிஎச் 8 உள்ள போர் தண்ணீரை நிறைய ஊற்றினால், தேங்கியிருந்த அம்மோனியம் சட்டென்று நச்சு அம்மோனியாவாக மாறும். பிஎச் ஒரு எண் ஏறினால் நச்சு சுமார் 10 மடங்கு ஏறும். செவுள் வெந்துபோகும். காலையில் தண்ணீர் மாற்றினேன், சாயங்காலம் எல்லாம் மிதக்கிறது என்று வருகிற புலம்பல்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான்.

முதல் நாள் ஏர் பம்ப் போடுங்கள். செத்த மீன், மிஞ்சிய தீனி இருந்தால் எடுத்துவிடுங்கள். தீனி போடாதீர்கள், ஓரளவு தெம்புள்ள கோல்ட் ஃபிஷ் ஒரு வாரம் பட்டினி தாங்கும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். உங்கள் தொட்டி 60, 30, 30 என்றால் 54 லிட்டர். தினமும் 5 லிட்டர் எடுத்து 5 லிட்டர் ஊற்றுங்கள், அவ்வளவே. ஊற்றும் தண்ணீரை முந்தின நாளே பிடித்து ஏர் ஸ்டோன் ஓடவிட்டு வைத்திருங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டும் விடுங்கள். மெல்லிய டியூப் வழியாகச் சொட்டச் சொட்ட இறங்கட்டும்.

அடியில் இருக்கும் கல்லைக் கிளறவே கூடாது. நாளுக்கு உள்ளங்கை அகலம் மட்டும் டியூபால் உறிஞ்சுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொட்டியின் பிஎச்சும் ஊற்றும் தண்ணீரின் பிஎச்சும் நெருங்கிவிட்டால், வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றும் வழக்கத்துக்கு வந்துவிடலாம். முதல் நாளே அளந்து பார்த்து இரண்டும் ஒன்றாக இருந்தால் இவ்வளவு பயம் தேவையில்லை; மூன்றில் ஒரு பங்கை அன்றே மாற்றலாம்.

இன்னொன்று. நான்கு கோல்ட் ஃபிஷுக்கு 54 லிட்டர் போதவே போதாது. அவை தேறியதும் பெரிய தொட்டியோ வேறு வீடோ பாருங்கள்.

நான் ஏற்கெனவே ஃபில்டர் ஸ்பாஞ்ச் உட்பட எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிட்டேன். ஒரு வாரமாகத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. (திண்டுக்கல்)

பளிங்குத் தண்ணீரிலும் விஷம் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருந்தன. அவை திரும்ப வளர 4 முதல் 6 வாரம் ஆகும். இப்போது உங்கள் தொட்டியில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருக்கிறது. சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்கி இரண்டையும் பாருங்கள். நைட்ரைட் ரத்தத்தில் புகுந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. செவுள் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் பழுப்பாகத் தெரியும்.

லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைத் தனியாகக் கரைத்து, இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். உப்பின் குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். உப்பு ஆவியாகாது, வெளியே எடுத்த தண்ணீருக்கு உண்டான அளவு மட்டும் திரும்பச் சேருங்கள். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். நோய் இல்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்தபடி கொண்டுவந்து போடுங்கள். கடையில் விற்கும் எந்தப் புட்டியையும்விட நான் அதைத்தான் நம்புவேன்.

மோலி மீன்களில் ரவை அளவு வெள்ளைப் புள்ளிகள். மூன்று நாள் மருந்து விட்டதும் மறைந்தன. ஒரு வாரத்தில் எல்லா மீன்களிலும் வந்துவிட்டன. மருந்து போலியா?

மருந்தில் குறை இல்லை, நாள்தான் போதவில்லை. இது வெள்ளைப் புள்ளி நோய். இதைத் தரும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. புள்ளி மறைந்தது அது குணமானதால் அல்ல. முதிர்ந்து, உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டது. அந்தக் கூட்டையும் மருந்து துளைக்காது. ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் நீந்தி வரும்போது மட்டும்தான் கொல்ல முடியும். ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் மருந்தைத் தொடருங்கள். தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் சுழற்சி வேகமாக முடியும். சென்னைக் கோடையில் ஹீட்டரே வேண்டாம். கொடைக்கானலில் கட்டாயம் வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும்.

ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். மாலகைட் கிரீன் கலந்த மருந்து என்றால் கையுறை போடுங்கள். லோச் போன்ற, செதில் மிகச் சிறியதாகவோ இல்லாமலோ இருக்கும் மீன்கள் கூட இருந்தால் பாதி அளவுதான்.

ஏஞ்சல் மீனின் வாயில் பஞ்சு மாதிரி வெள்ளை. பூஞ்சை என்று சொல்லி டெட்ராசைக்ளின் கேப்சூல் ஒன்றை உடைத்துப் போடச் சொன்னார்கள். ஹீட்டரும் ஏற்றிவிட்டேன்.

முதலில் ஹீட்டரைக் குறையுங்கள். வாயோரம் தொடங்கி வேகமாகப் பரவும் வெள்ளை பெரும்பாலும் பூஞ்சை அல்ல, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். சூட்டில் அது பல மடங்கு வேகமாகப் பரவும். வெள்ளைப் புள்ளி நோய்க்கு உதவுகிற சூடு இங்கே மீனைக் கொன்றுவிடும்.

கேப்சூலைப் பற்றி: நம் ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்வதால் மீனுக்குப் போய்ச் சேருவது சொற்பம். கிடைத்த லாபம் ஃபில்டர் பாக்டீரியா செத்ததும், மருந்துக்கு அடங்காத கிருமி வளர்ந்ததும்தான். மீனைத் தனி டப்பில் ஏர் ஸ்டோனோடு வையுங்கள். கால்நடை மருத்துவரிடமோ, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற இடங்களில் மீன் நோய் பார்ப்பவர்களிடமோ கேட்டு மருந்து கொடுங்கள். தள்ளிப்போடாதீர்கள், இந்த நோய் இரண்டு நாளில் மீனை முடித்துவிடும்.

மீட்டுவந்த ஃபைட்டர் மீனின் வயிறு உப்பி, செதில்கள் எல்லாம் எழும்பி நிற்கின்றன. பிழைக்குமா?

அனேகமாகப் பிழைக்காது. செதில் எழும்பிவிட்டால் பெரும்பாலும் சிறுநீரகம் ஏற்கெனவே கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். சுத்தமான தண்ணீரும் அமைதியான தனி இடமும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். சாப்பிடாமல், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வதைபட விடாதீர்கள். கிராம்பு எண்ணெய் சில சொட்டுகளைச் சிறு புட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் கிண்ணத்தில் மெதுவாகக் கலந்தால் மயங்கிவிடும். பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கலந்து, செவுள் அசைவு நின்றபின்னும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். உயிரோடு டாய்லெட்டில் கொட்டுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் கொடுமை.

கேன் ஆர்ஓ தண்ணீர் சுத்தமாச்சே, அதையே ஊற்றலாமா?

தனியாக வேண்டாம். அதில் கார்பனேட் அனேகமாக இல்லை. முதல் பதிலில் சொன்ன பிஎச் சரிவு இன்னும் சீக்கிரம் வரும்.

பள்ளித் தொட்டியில் ஒன்றரை அடி சக்கர் மீன் ஒன்று இருக்கிறது. பாவமாக இருக்கிறது, ஏரியில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன் இது. இப்படி விடப்பட்டவைதான் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, கரையில் பொந்து தோண்டுகின்றன. முள்ளால் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன. பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலோ கேளுங்கள், வாங்கிக்கொள்பவர்கள் உண்டு.

பழைய தொட்டியைச் சுத்தம் செய்தபோது விரலில் கீறல் பட்டது. மூன்று வாரம் கழித்து அங்கே ஒரு கட்டி. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி, மீன்களுக்குக் காசநோய் போன்ற ஒன்றைத் தரும். காயம் வழியே மனிதர் கையிலும் ஏறும். தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் போங்கள், மீன் தொட்டியில் கை வைத்தேன் என்பதை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இந்தக் கோணத்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள், சாதாரண ஆன்டிபயாட்டிக் மாறி மாறிச் சாப்பிட்டு மாதங்கள் ஓடிவிடும். கட்டி ஆறும்வரை தொட்டி வேலையை வேறொருவர் பார்க்கட்டும், முழங்கைவரை கையுறை போட்டுக்கொண்டு.