பாதிக்கு மேலா, இல்லையா? கிறிஸ்தவப் பெரும்பான்மை நாடுகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஒரு நாட்டைக் கிறிஸ்தவப் பெரும்பான்மை நாடு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அப்படி எத்தனை நாடுகள் உள்ளன?

மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டால் அது கிறிஸ்தவப் பெரும்பான்மை நாடு. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறார்களா என்பது இந்தக் கணக்கில் சேராது. கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர் (புராட்டஸ்டன்ட்), ஆர்த்தடாக்ஸ் சபையினர் எல்லோரையும் ஒன்றாகக் கூட்ட வேண்டும். எத்தியோப்பியாவில் பலர் தவறுவது இங்கேதான். 2007 கணக்கெடுப்பில் ஆர்த்தடாக்ஸ் சபையினர் 43.5 சதவீதம். அதை மட்டும் பார்த்தால் பெரும்பான்மை இல்லை என்று தோன்றும். சீர்திருத்தச் சபையினரின் 18.5 சதவீதத்தைச் சேர்த்தால் 62 ஆகிவிடுகிறது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2020இல் 201 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் 120 இடங்களில் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மை. 2010இல் இது 124. பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, உருகுவே ஆகிய நான்கும் இடையில் பட்டியலை விட்டு வெளியேறின.

கேள்வி: இங்கிலாந்து, வேல்ஸில் கிறிஸ்தவர்கள் 46 சதவீதம் என்று ஓரிடத்தில் படித்தேன், 49 என்று இன்னோரிடத்தில். எது பிழை?

இரண்டுமே சரி. இப்படி ஐயம் கொண்டு கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5 கோடியே 96 லட்சம். கிறிஸ்தவர் என்று குறித்தவர்கள் 2 கோடியே 75 லட்சம். வகுத்தால் 46.2 சதவீதம். ஆனால் மதம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வது அங்கே கட்டாயமில்லை; சுமார் 36 லட்சம் பேர் அதை வெறுமனே விட்டுவிட்டார்கள். அவர்களை நீக்கிவிட்டு 5 கோடியே 60 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள், 49.1 வரும். எப்படிப் பார்த்தாலும் பாதியைத் தொடவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் 59.3 சதவீதமாக இருந்த இடம் அது. இன்னொரு நாட்டில் இதே மூன்று சதவீத வேறுபாடு பெரும்பான்மையையே மாற்றிவிடக்கூடும். அதனால்தான் எந்தப் பட்டியலைக் கண்டாலும் எதால் வகுத்தார்கள் என்று முதலில் தேடுகிறேன்.

கேள்வியின் சொற்களும் எண்ணை மாற்றும். இங்கிலாந்துப் படிவம் ‘உங்கள் மதம் எது?’ என்று கேட்கிறது. ஸ்காட்லாந்துப் படிவமோ எந்த மதத்தை, எந்தச் சபையைச் சார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறது. பெயரளவில் கிறிஸ்தவராக இருப்பவர் முதல் கேள்விக்கு எளிதாக ‘கிறிஸ்தவம்’ என்று குறித்துவிடுவார். இரண்டாவதற்குச் சற்றுத் தயங்குவார். 2022இல் ஸ்காட்லாந்தில் மதம் இல்லை என்றவர்கள் 51.1 சதவீதம். இவ்வளவுக்கும் படிவம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு படிவங்களிலிருந்து வரும் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

கேள்வி: அரசு மதமாகக் கிறிஸ்தவம் இருந்தால் பெரும்பான்மை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு மன்னரே தலைவர். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு. மக்கள்தொகை நிலவரத்தை மேலே பார்த்தோம். பிலிப்பைன்ஸில் 2020இல் கத்தோலிக்கர் மட்டுமே 78.8 சதவீதம், அரசியலமைப்போ அரசையும் திருச்சபையையும் பிரித்தே வைத்திருக்கிறது.

கேள்வி: தென் கொரியா கிறிஸ்தவ நாடுதானே?

இல்லை. 2015 கணக்கெடுப்பில் எல்லாச் சபைகளையும் சேர்த்து 28 சதவீதத்துக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டவர்கள் மதம் இல்லை என்றவர்கள்.

கேள்வி: கணக்கெடுப்பில் மதத்தையே கேட்காத நாடுகளை எப்படி முடிவு செய்வது?

அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்பதில்லை. அந்நாடுகளுக்கு நாம் பார்க்கும் எண்கள் மாதிரி ஆய்வுகளிலிருந்து வருபவை. ஜெர்மனியில் திருச்சபை வரி வசூலிக்கப்படுவதால் உறுப்பினர் பதிவேடு இருக்கிறது. அதன்படி கத்தோலிக்கம், சீர்திருத்தச் சபை ஆகிய இரு பெரிய சபைகளின் உறுப்பினர்கள் சேர்ந்தே பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். ஆனால் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் சிறு சபைகளைச் சேர்ந்தவர்களும் அந்த எண்ணிக்கையில் இல்லை. வரியைத் தவிர்க்கப் பெயரை நீக்கிக்கொண்டு நம்பிக்கையை விடாதவர்களும் இல்லை.

மிகக் கடினமானது லெபனான். அங்கே கடைசியாக அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு நடந்தது 1932இல். அப்போது கிறிஸ்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். அதையொட்டியே நாடாளுமன்ற இடங்கள் ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்கிடப்பட்டன. 1989இல் உள்நாட்டுப் போரை முடிக்கச் செய்த தாயிஃப் உடன்பாடு அதைச் சரிபாதியாக்கியது. எண்ணிப் பார்த்தால் அதிகாரப் பங்கீடே ஆட்டம் காணும் என்பதால் மறுபடி எண்ணவே இல்லை. இன்று கிறிஸ்தவர்கள் பாதிக்குக் கீழே என்றுதான் பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்கின்றன. நீங்கள் அட்டவணை தயாரிப்பவரானால் லெபனானுக்கு நேராக ‘மதிப்பீடு’ என்று எழுதுங்கள்; பக்கத்திலேயே 1932 என்ற ஆண்டையும் குறித்துவிடுங்கள்.