ரெண்டாவது வாரமே தனியா நைட் டூட்டியா?

அன்புள்ள அக்கா,

நர்சிங் முடிச்சு ரெஜிஸ்ட்ரேஷனும் வந்துடுச்சு. கைல இப்போ ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு ரொம்ப தூரம், ராத்திரி ரயில் ஏறினா காலைல தான் போய்ச் சேர முடியும். பெரிய ஆஸ்பத்திரி, ஐசியூல போடுவாங்க. 12 வாரம் சீனியர் நர்ஸ் கூடவே விட்டு சொல்லித் தருவோம்ங்கறாங்க, ஆனா 2 வருஷம் பாண்ட். இன்னொண்ணு வீட்டுல இருந்து பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம், 20 பெட் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. வேலை சுலபமா தான் இருக்கும், ரெண்டாவது வாரத்துல இருந்து நைட் நான் ஒருத்தியே பாத்துக்கணும்னு சொன்னாங்க, மத்தபடி நல்ல மாதிரியான ஆளுங்க. ஃபைனல் இயர்ல போஸ்டிங் போன ஆஸ்பத்திரியிலயும் கேட்டேன், சர்ஜிகல் வார்டுல மூணு மாசத்துல இடம் வரலாம்னு இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னாங்க. அம்மாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி முட்டி மாத்துற ஆபரேஷன் ஆச்சு. அப்பா பக்கத்துலயே இருங்கறார். கூட படிச்சவங்க ஐசியூவை விட்டா திரும்ப கிடைக்காதுங்கறாங்க. எனக்குத் தனியா இருந்து பழக்கமே இல்ல. 10 நாள்ல பதில் சொல்லணும். என்ன பண்றதுன்னு சொல்லுங்கக்கா. பேர் மட்டும் போட வேண்டாம்.

*

தங்கச்சி,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். தூரம், பாண்ட், அம்மா, அப்பா எல்லாத்தையும் யோசிச்சு யோசிச்சு எழுதியிருக்க, ஆனா "ரெண்டாவது வாரத்துல இருந்து நைட் நான் ஒருத்தியே"ங்கறத மட்டும் போற போக்குல சொல்லிட்டுப் போயிட்ட, அதுவும் "வேலை சுலபம்"னு சொன்ன அதே மூச்சுல. எனக்கு அங்க தான் பக்குன்னு ஆச்சு.

நான் வேலைல சேர்ந்த மூணாவது வாரம், சர்ஜிகல் வார்டு, நைட் டூட்டி. வயித்துல ஆபரேஷன் ஆன ஒரு பையன், இருபது வயசு சொச்சம் இருக்கும், தூக்கமே வராம புரண்டுகிட்டே இருந்தான். பிபி பாத்தேன், நார்மல். வலி தான்னு நினைச்சு சார்ட்ல எழுதிட்டு அடுத்த பெட்டுக்கு நகந்துட்டேன். கூட இருந்த சீனியர் சிஸ்டர் அந்தப் பக்கமா நடந்து போனவங்க சும்மா நின்னு அவனையே பாத்தாங்க, அப்புறம் என்னைக் கூப்பிட்டு "மூச்சை எண்ணு, முழுசா ஒரு நிமிஷம் எண்ணு"ன்னாங்க. 28. பல்ஸ் 120-ஐ நெருங்கிட்டு இருந்துச்சு. வயசுப் பசங்களுக்கு உள்ள ரத்தம் கசிஞ்சா உடம்பு ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்கும், பிபி கடைசில தான் விழும், அதுக்கு முன்னாடி மூச்சும் பல்ஸும் ஏறும், ஆளு நிலைகொள்ளாம தவிப்பான். இதெல்லாம் நானும் படிச்சு பரீட்சைல எழுதி மார்க் வாங்கினது தான். ஆனா அன்னைக்கு ராத்திரி என் கண்ணுக்கு அது படல, அவங்க கண்ணுக்குப் பட்டுச்சு. உடனே சர்ஜனைக் கூப்பிட்டாங்க, பையன் திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போனான், பிழைச்சான். அவங்க மட்டும் அன்னைக்கு லீவுல இருந்திருந்தா? இத்தனை வருஷம் கழிச்சும் அத நினைச்சா எனக்குக் கை சில்லுன்னு ஆயிடும்.

அதனால தான் சொல்றேன், தூரமா பக்கமாங்கறது ரெண்டாவது கேள்வி. ராத்திரி ரெண்டு மணிக்கு உனக்கு ஒரு சந்தேகம் வந்தா திரும்பிப் பாத்துக் கேக்குற தூரத்துல யார் இருப்பாங்கன்னு முதல்ல கேளு. 20 பெட்னா சின்னது தான், ஆனா அந்த இருபதுல ஒருத்தருக்கு திடீர்னு முடியாம போனா மத்த பத்தொன்பது பேரை யார் பாப்பாங்க? லிண்டா ஐக்கன்னு ஒரு நர்ஸ், ஆராய்ச்சியாளர், அவங்களும் அவங்க குழுவும் பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரிகளை வச்சு 2002-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடக் கூட, ஆபரேஷன் ஆனவங்க 30 நாளுக்குள்ள இறந்து போற வாய்ப்பு 7 சதவீதம் ஏறுதுன்னும், நர்ஸ் மனசு சோர்ந்து போற வாய்ப்பு 23 சதவீதம் ஏறுதுன்னும் அதுல வந்துச்சு. கலிபோர்னியாவுல 2004-ல இருந்து சட்டமே இருக்கு, ஐசியூல ஒரு நர்ஸுக்கு 2 பேருக்கு மேல கூடாது, சாதாரண மெடிக்கல் சர்ஜிகல் வார்டுல இப்போ 5. இந்த எண்ணிக்கையை நீ எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூச்சப்படாம கேக்கணும், "நைட்ல ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்?"னு. வேலைக்கு வந்த புதுசுல இப்படிக் கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு நீ பயப்படலாம், நல்ல இன்சார்ஜா இருந்தா நீ கேட்டதுல சந்தோஷம் தான் படுவாங்க.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரி ஆளுங்க கெட்டவங்கன்னு நான் சொல்லவே இல்ல. நல்ல மனசோட, ஆள் பத்தாம, புதுசா வர்ற பொண்ணு தலைல கட்டிடுறாங்க. சின்ன இடத்துல எல்லா வேலையும் கத்துக்கலாம்னு சொல்லுவாங்க, அதுவும் உண்மை தான், கத்துக் குடுக்க ஒருத்தர் இருந்தா. அவங்ககிட்டயே கேட்டுப் பாரு, மூணு மாசத்துக்கு என்னைத் தனியா நைட் போட மாட்டீங்களான்னு.

இப்போ பெரிய ஆஸ்பத்திரி. உன் ஃப்ரெண்ட்ஸ் சொல்ற மாதிரி ஐசியூ இப்போ விட்டா போச்சுன்னு எதுவும் இல்ல, வார்டுல ரெண்டு வருஷம் நல்லா வேலை பாத்தவங்களை ஐசியூல எடுத்துக்குறது எல்லா இடத்துலயும் நடக்குறது தான். ஆனா 12 வாரம் ஒருத்தர் கூடவே நின்னு கத்துக்குறது சாதாரண விஷயம் இல்ல, அது நிஜமா நடந்தா. காகிதத்துல 12 வாரம்னு இருக்கும், நாலாவது வாரம் ரெண்டு பேர் லீவு போட்டா உன்னையும் ஆள் கணக்குல சேத்து பேஷண்ட் குடுத்துடுவாங்க. அதனால எச்ஆர்ல சொல்றதோட விட்டுடாதே, போன வருஷம் அங்க சேர்ந்த யாராவது ஒருத்தரைத் தேடிப் பிடிச்சுப் பேசு. அந்த 12 வாரமும் நோயாளிக்குப் பொறுப்பு சீனியருக்கா உனக்கா, தினம் அதே சீனியர் தானா இல்ல ஆளுக்கு ஆள் மாறுவாங்களா, முதல் ஆறு மாசத்துல ஆள் இல்லன்னு வேற வார்டுக்குத் தூக்கிப் போடுவாங்களா, 12 வாரம் முடிஞ்சு "எனக்கு இன்னும் தைரியம் வரல"ன்னா என்ன பண்ணுவாங்க, இதெல்லாம் கேளு. போன வருஷம் சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் இன்னும் இருக்காங்கன்னு கேக்க மறந்துடாதே.

பாண்டைப் பத்தி நீ ஒரே வரில எழுதியிருக்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வீட்டுக்கு எடுத்துட்டு வந்து வரி வரியா படி, விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டு. நடுவுல போனா எவ்வளவு கட்டணும், நாள் ஆக ஆக அந்தத் தொகை குறையுமா, உடம்பு சரியில்லாம போனாலும் கட்டணுமா, ஐசியூன்னு சொல்லி சேத்துட்டு வேற வார்டுக்கு மாத்தினாலும் பாண்ட் நிக்குமா. வாயால சொன்ன 12 வாரம் அந்தத் தாள்லயும் எழுதியிருக்கான்னு பாரு. நீ 2 வருஷத்துக்குக் கட்டுப்படறப்போ அவங்களும் எதுக்காவது கட்டுப்படணும் இல்லையா? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வச்சுக்குவோம்னு சொன்னா மட்டும் என் பதில் ஒண்ணு தான், போகாதே.

"பக்கம்"ங்கறதையும் கொஞ்சம் கணக்குப் போடு. 12 மணி நேர ஷிப்ட், போக வர ரெண்டரை மணி நேரம், அடுத்த ஷிப்ட் நர்ஸ்கிட்ட ஹேண்ட் ஓவர் குடுத்துட்டுக் கிளம்ப இன்னும் அரை மணி, 15 மணி நேரம் வெளிய தான். தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காம இருந்தா ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்குறவங்க அளவுக்குக் கவனம் மங்கிடுதுன்னு ஆய்வு பண்ணிச் சொல்லியிருக்காங்க. நைட் முடிச்சு பஸ்ல தூங்கி வழிஞ்சு வீட்டுக்கு வர்ற பொண்ணு, ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்கி நல்லா தூங்குற பொண்ணை விட வீட்டுக்கு உதவியா இருப்பான்னு நிச்சயமா சொல்ல முடியாது.

அம்மா விஷயம். முட்டி மாத்தினவங்கள்ல பெரும்பாலானவங்க 6 வாரம் வாக்குல ஊன்றுகோலை விட்டுடுவாங்க, உங்கம்மாவுக்கு ரெண்டு மாசம் ஆச்சுன்னு எழுதியிருக்க. எப்படி நடக்கறாங்க, படி ஏறுறாங்களான்னு எழுதல. அப்பா சொன்னதை எழுதின, ஃப்ரெண்ட்ஸ் சொன்னதை எழுதின, அம்மா என்ன சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை கூட இல்லையே கண்ணு. அவங்ககிட்ட உக்காந்து கேளு. அவங்களுக்கு நீ பக்கத்துல இருந்தே ஆகணும்னா அது முழுசா மதிக்க வேண்டிய காரணம், அதுக்காக தூரத்து வேலையை விடுறதுல ஒரு தப்பும் இல்ல, நானே அப்படி ஒரு தடவை விட்டிருக்கேன். ஆனா கேக்காமயே அவங்க பேரைச் சொல்லி விட்டுட்டு, நாளைக்கு மனசுக்குள்ள அவங்க மேல வருத்தப்படுற மாதிரி ஆயிடக் கூடாது.

தனியா இருக்குற பயம் எல்லாருக்கும் இருக்கும், நான் முதல் மாசம் தினமும் அழுதேன். ஆனா அதுல பாதி ஊரை விட்டு வந்ததால வந்த அழுகை இல்ல, படிச்ச நர்சிங்கும் வார்டுல பாக்குற நர்சிங்கும் வேற வேறயா இருக்குற அதிர்ச்சி. மார்லின் கிரேமர்னு ஒரு நர்சிங் ஆராய்ச்சியாளர் 1974-லயே அதுக்கு 'ரியாலிட்டி ஷாக்'னு பேர் வச்சு எழுதிட்டாங்க. வீட்டுல இருந்து போனாலும் அது வரும். பட்ரீஷியா பென்னர்னு இன்னொரு நர்சிங் ஆராய்ச்சியாளர் சொல்ற கணக்குல, ஒரே மாதிரி வேலைல ரெண்டு மூணு வருஷம் இருந்தா தான் ஒரு நர்ஸ் தன் வேலையைத் தானே திட்டம் போட்டுப் பாக்குற நிலைக்கு வருவாங்க. அதனால ஆறு மாசத்துல உனக்கு எல்லாம் வரலன்னா நீ மட்டம்னு நினைச்சுக்காதே.

என் மனசுல இருக்குறதைக் கேட்டா, நீ போஸ்டிங் போன அந்த மூணாவது இடம் தான். அங்க உன்னைத் தெரியும், உனக்கு வார்டைத் தெரியும், இன்சார்ஜ் சிஸ்டர் முகம் குடுத்துப் பேசுறாங்க. "வரலாம்"ங்கறது வேலை இல்லைங்கறதும் நிஜம். அதனால நாளைக்கே நேர்ல போ, கைல ஒரு ஆஃபர் இருக்கு, 10 நாள் தான் டைம், உங்க வார்டுல தான் சேரணும்னு ஆசைன்னு அப்படியே சொல்லு. எந்த மாசம், யார் முடிவு பண்ணுவாங்க, புதுசா வர்றவங்களை எத்தனை வாரம் தனியா விட மாட்டாங்கன்னு கேட்டுட்டு வா. பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு மெயில் போட்டு இன்னும் ஒரு வாரம் கேளு, குடுக்கலன்னா குடுக்கல. அந்த மூணாவது இடத்துல உறுதியா ஒண்ணும் வரலன்னா, பெரிய ஆஸ்பத்திரில 12 வாரமும் எழுத்துல வந்துச்சுன்னா, அம்மாவும் போன்னா, ரயில் ஏறு. ரெண்டுமே தட்டிப் போச்சுன்னா சும்மா இரு, இன்னும் நாலு இடத்துல அப்ளிகேஷன் போடு. ரெண்டாவது வாரம் இருபது பேரோட தனியா ஒரு ராத்திரிக்கு மட்டும் ஒத்துக்காதே.

சின்ன ஆஸ்பத்திரிக்காரங்க நைட் டூட்டி பத்தி என்ன பதில் சொன்னாங்கன்னு எனக்கு எழுது, அவங்க மனசு மாறி கூட ஒரு ஆளைப் போடுறோம்னு சொன்னா இந்தக் கணக்கை நாம முதல்ல இருந்து போடலாம்.

அன்புடன்,
அக்கா