திரித்துவம் முரண்பாடா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பிதா கடவுள், குமாரன் கடவுள், பரிசுத்த ஆவி கடவுள், ஆனாலும் கடவுள் ஒருவரே என்கிறார்கள். கணக்கு உதைக்கிறதே? நீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லும் விளக்கம் போதுமா?

பதில்: அந்த நீர் உவமையை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே பொருள் மூன்று நிலைகளில் தோன்றுகிறது என்றால், பிதாவும் குமாரனும் ஒருவரே போடும் இரண்டு வேடங்கள் ஆகிவிடுவார்கள். சபெல்லியுஸ் என்ற பழங்காலப் போதகர் பெயரால் அறியப்படும் இந்தக் கருத்தைத் திருச்சபை அன்றே தள்ளிவிட்டது. இயேசு பிதாவிடம் ஜெபித்தார் என்றால் யார் யாரிடம் ஜெபித்தது? உவமையில் இதற்குப் பதிலே இல்லை.

சிக்கலை எழுதிப் பார்த்தால் ஏழு வாக்கியங்கள் வரும். மூவரும் தனித்தனியே கடவுள் என்பது மூன்று; பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவி அல்ல, ஆவி பிதா அல்ல என்பது மூன்று; கடவுள் ஒருவரே என்பது ஏழாவது. முரண்பாடு வருமா வராதா என்பது ‘பிதா கடவுள்’ என்பதை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ‘விடிவெள்ளியே வெள்ளிக் கோள்’ என்பதுபோல முழு ஒருமையாகப் படித்தால், பிதாவும் கடவுளும் ஒன்று, குமாரனும் கடவுளும் ஒன்று, ஆகவே பிதாவும் குமாரனும் ஒன்று என்று முடியும். நான்காவது வாக்கியம் அங்கேயே உடைந்துபோகிறது. ‘பிதா இறைத்தன்மை உடையவர்’ என்று படித்தால் இந்த வழி அடைபடும். ஆனால் இறைத்தன்மை உடையவர் மூவர் என்றால் தெய்வங்களும் மூன்றுதானே என்ற கேள்வி உடனே எழும்.

இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் போன்ற மெய்யியலாளர்கள் மூன்று ஆள்களையே தொடக்கமாகக் கொள்கிறார்கள்: பிதா மற்ற இருவருக்கும் நித்தியமாக மூலம், மூவரின் சித்தமும் மோதவே முடியாது, அந்தப் பிரிக்க முடியாத கூட்டே ‘ஒரே கடவுள்’. ஒத்துழைப்பை ஒருமை என்று எண்ணலாமா என்பதுதான் இதன் மீதுள்ள பெரிய ஆட்சேபம். மெய்யியலாளர் பீட்டர் கீச் காட்டிய பாதை வேறு: ‘அதே’ என்றாலே ‘அதே எது’ என்று கேட்க வேண்டும். பிதாவும் குமாரனும் அதே கடவுள், ஆனால் அதே ஆள் அல்ல. தர்க்கத்தில் இது நிற்கிறது. ஆனால் ஒன்றானவற்றுக்கு எல்லாப் பண்புகளும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற மெய்யியலாளர் லைப்னிட்ஸின் விதி இங்கே கைவிடப்படுகிறது. சிறிய விலை அல்ல அது.

325-இல் நிசேயா சங்கம் (திருச்சபை ஆயர்களின் பேரவை) குமாரனைப் பிதாவோடு ‘ஒரே சாரம்’ உள்ளவர் என்று அறிக்கையிட்டது. அந்த ஒருமையை எப்படி எண்ணுவது என்று அது விளக்கவில்லை. என் கணிப்பில், முரண்பாடு என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதற்காக விளங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அவை இரண்டும் வெவ்வேறு.

கேள்வி: இயேசு முழுக் கடவுளும் முழு மனிதனும் என்றால், மாற்கு 13:32-இல் உலக முடிவின் அந்த நாள் குமாரனுக்கும் தெரியாது என்று வருவது எப்படி?

பதில்: 451-இல் கல்கெதோன் சங்கம் வகுத்தது இது: ஒரே ஆள், இரண்டு இயல்புகள், கலப்பில்லை, மாற்றமில்லை, பிரிவில்லை, விலகலில்லை. ஆகவே வழக்கமான பதில், ‘கடவுளாக அறிவார், மனிதனாக அறியார்’. இது பாதி வழிதான் போகும். கடவுளாக அறிகிறவர் அறிகிறவர்தானே; ‘ஆக’ என்று சேர்த்துவிட்டால் மட்டும் முரண்பாடு விலகாது.

மெய்யியலாளர் தாமஸ் மாரிஸ் 1986-இல் இதைச் செப்பனிட்டார். அறிவில் குறைவு மனிதர்க்குப் பொதுவானது, ஆனால் மனிதனாக இருக்கக் கட்டாயமானதல்ல. கிறிஸ்துவில் இரு மனங்கள்: தெய்வ மனம் மனித மனத்தை முழுதும் அறியும், மனித மனத்துக்குத் தெய்வ மனம் திறந்துகாட்டும் அளவே தெரியும். இரு மனம் என்றால் இரு ஆள் இல்லையா? அப்படிப் பிரிப்பதாகக் குற்றம் சாட்டித்தான் எபேசு சங்கம் 431-இல் கான்ஸ்டான்டினோபிள் ஆயர் நெஸ்டோரியுவைக் கண்டித்தது. ஆனால் 681-இல் முடிந்த கான்ஸ்டான்டினோபிள் சங்கம் கிறிஸ்துவுக்கு இரு சித்தங்கள் உண்டு என்று ஏற்றது. அதனால் மாரிஸின் யோசனை மரபுக்கு அந்நியமல்ல. எது அந்த இரு மனங்களையும் ஒரே ஆளுடையதாக்குகிறது என்பதே இன்னும் தேவைப்படும் விளக்கம்.

கேள்வி: மனிதரின் பாவத்துக்காகக் கிறிஸ்து சிலுவையில் இறந்தார் என்கிறார்கள். ஒருவன் குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டிப்பது நீதியா?

பதில்: இந்த ஆட்சேபம், 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளிடம் உருப்பெற்ற ‘பதில்தண்டனை’ (மனிதருக்குரிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார் என்ற) விளக்கத்தின் மீதுதான் விழுகிறது. அதற்கு முன்பே இடைக்கால இறையியலாளர் அன்செல்ம் தண்டனைக்குப் பதிலாக ஈடு என்றார்: கடவுளுக்குரிய மதிப்பு மறுக்கப்பட்டது, அதைக் கிறிஸ்து ஈடுசெய்தார். தண்டனையை மாற்றிக்கொள்ள முடியாது, கடனை இன்னொருவர் தீர்க்கலாம். இன்னொரு இடைக்கால இறையியலாளரான அபெலார்ட், கிறிஸ்துவின் அன்பு மனிதரில் மூட்டும் அன்பை முன்னிறுத்தினார். நிசேயா அறிக்கை ‘நமக்காக’ என்பதோடு நின்றுவிடுகிறது, எந்த விளக்கத்தையும் கட்டாயமாக்கவில்லை.

ஈடு என்ற விளக்கத்துக்கும் ஒரு முடிச்சு உண்டு. கடன் முழுதும் தீர்ந்துவிட்டால் மன்னிக்க என்ன மிச்சம் என்று 16-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் சோசினுஸ் கேட்டார். வேறொருவர் தரும் ஈட்டை ஏற்கக் கடமை இல்லாதவர் அதை ஏற்பதே மன்னிப்பு என்று பதில் சொல்லலாம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.