ரஷ்யாவை நேசிக்கும் பையனுக்கு எம்.பி.பி.எஸ். சீட்டு எதற்கு?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகன் இரண்டு வருடமாகத் தானாகவே ரஷ்ய மொழி கற்கிறான். சோவியத் காலத்துப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறான். மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்தோக் வரை 9,288 கிலோமீட்டர் போகும் ரயில் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று வரிசையாகச் சொல்கிறான். இப்போது ரஷ்ய மொழியிலேயே பட்டம் படிக்கப்போவதாக நிற்கிறான். சொந்தக்காரர்கள், "அவ்வளவு ஆசை என்றால் அங்கேயே எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடுங்கள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்" என்கிறார்கள். ஏஜென்ட் ஒருவர் முன்பணமும் கேட்டுவிட்டார்.

முதலில் அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை எல்லாம் நிதானமாக யோசிக்கலாம்.

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் பையன் டாக்டராக விரும்புகிறான் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. ரஷ்யாவில் மருத்துவப் படிப்பு ஆறு வருடம். 2021-இல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி நீட் தேர்ச்சி வேண்டும். குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும், அதுவும் ஆங்கில வழியில். திரும்பி வந்ததும் இங்கே தகுதித் தேர்வு, அப்புறம் மறுபடியும் பயிற்சி. மருத்துவத்தின் மேல் உண்மையான பிடிப்பு உள்ள பிள்ளைகளுக்கே இது நீண்ட, கடினமான பாதை. ரஷ்ய வரலாறும் ரஷ்ய வாழ்க்கையும் பிடிக்கும் என்பதற்காக ஒரு பையனை உடற்கூறியல் வகுப்பில் உட்கார வைத்தால் அவனுக்கு இரண்டுமே கசந்துபோகும். வகுப்பும் ஆங்கிலத்தில், விடுதி அறையிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்றால், அவன் தேடிப்போன ரஷ்யாவை அவன் பார்ப்பதே அபூர்வம்.

சரி, இந்த ஆர்வம் எவ்வளவு ஆழமானது? அதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். பயப்படுவதில் தப்பில்லை. இந்த வயதில் வரும் ஈர்ப்புகளில் பல ஆறு மாதத்தில் போய்விடும். ஆனால் 33 எழுத்துகளைக் கற்றுக்கொண்ட பிறகும் இரண்டு வருடம் ஒருவன் விடாமல் இருந்தால், அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள் உண்டு. பெயர்ச்சொல், பெயரடை, எண் எல்லாவற்றின் ஈறும் மாறும். தமிழில் வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த பிள்ளைக்கு இது அந்நியமாகத் தெரியாது. அடுத்து வரும் வினைச்சொற்கள்தான் ஆளைச் சோதிப்பவை. செய்து முடித்ததற்கு ஒரு வினை, செய்துகொண்டிருப்பதற்கு இன்னொன்று. நடந்து போவதற்கு ஒன்று, வண்டியில் போவதற்கு வேறொன்று, போய்த் திரும்புவதற்கு மற்றொன்று. தொடங்கியவர்களில் நிறையப் பேர் நிற்பது இந்த இடத்தில்தான். உங்கள் மகன் இதைத் தாண்டிவிட்டானா என்று பாருங்கள். உங்களுக்கு ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் அரைப்பக்கம், கையால், கூட்டெழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அச்செழுத்தும் கையெழுத்தும் அங்கே நிறைய வேறுபடும், கைப்பேசியில் மட்டும் படித்தவர்களுக்கு அது வராது. மூன்று மாதம் அலுக்காமல் எழுதுகிறானா? அப்படியானால் மேலே பேசலாம்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. எனக்கு அது இதைவிட முக்கியம். அவன் விரும்புவது எந்த ரஷ்யாவை? பனியும் பாலேயும் வெங்காயக் குவிமாடத் தேவாலயங்களும் யாருக்கும் பிடிக்கும். சனிக்கிழமை காலையில் புறநகர் ரயிலேறித் தங்கள் சின்னத் தோட்ட வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கும் நகரத்துக் குடும்பங்களும் ரஷ்யாதான். டிசம்பர் 31 இரவு மரம் அலங்கரித்து விடிய விடியப் புத்தாண்டு கொண்டாடுவார்கள், அவர்களுடைய கிறிஸ்துமஸ் அதற்குப் பிறகு ஜனவரி 7-இல் வரும். ஆசிரியரை வெறும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள், தகப்பன் பெயரிலிருந்து வரும் இரண்டாம் பெயரையும் சேர்த்துத்தான் மரியாதையாக அழைப்பார்கள். கல்லூரித் தேர்வுகள் பல வாய்மொழியாகவே நடக்கும். மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள கேள்விகளுக்குக் கொஞ்ச நேரம் குறிப்பெழுதிக்கொண்டு, ஆசிரியர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ஐந்து வாங்கினால் மிக நன்று, இரண்டு வாங்கினால் தோல்வி. எழுதி எழுதியே மதிப்பெண் வாங்கிப் பழகிய நம் பிள்ளைகள் முதல் பருவத்தில் திணறுவது பெரும்பாலும் குளிரால் அல்ல, இந்தத் தேர்வால்தான். இதையெல்லாம் கேட்டு அவன் கண் விரிகிறதா, சலிக்கிறதா என்று கவனியுங்கள்.

வரலாற்றையும் அப்படியே கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) 872 நாள் முற்றுகையைத் தாங்கிய கதை அவனுக்குத் தெரிந்திருக்கும். 1937, 1938 ஆகிய இரண்டே வருடங்களில் 6,80,000-க்கும் மேற்பட்டவர்களைச் சொந்த அரசே சுட்டுக் கொன்றது என்று அந்த நாட்டு ஆவணங்கள் காட்டுகின்றன. இது தெரியுமா? அந்தக் கொடுமைகளை ஆவணப்படுத்திய மெமோரியல் என்ற அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த வருடமே அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் அந்த அமைப்பும் ஒன்று. 2022 பிப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போரைப் பற்றி அவன் ஒரு பக்கச் செய்தியை மட்டும் படிக்கிறானா? ஒரு நாட்டைப் பற்றிப் படிப்பதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவன் அதன் இருட்டையும் நேராகப் பார்க்க வேண்டும். நான் ஆர்வத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. இதைப் படித்த பிறகும் மிஞ்சும் ஆர்வம்தான் இருபது வருட உழைப்புக்குத் தாங்கும்.

இனி வேலை. ரஷ்ய மொழிப் பட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல வேலை கிடைப்பது கடினம், இதை அவனிடமும் மறைக்காதீர்கள். சாதாரண மொழிபெயர்ப்பை இயந்திரங்களே செய்யத் தொடங்கிவிட்டதால் அந்த வேலைகள் சுருங்குகின்றன. ஆனால் மொழியோடு இன்னொரு துறை சேர்ந்தால் நிலைமை வேறு. கூடங்குளத்தைப் பாருங்கள். ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, மேலும் நான்கு கட்டப்படுகின்றன, எல்லாமே ரஷ்ய வடிவமைப்பு. வரைபடமும் கையேடும் ரஷ்ய மொழியிலிருந்து வருகின்றன. ஒரு வால்வைப் பற்றிய வாக்கியம் தப்பாக மொழிபெயர்க்கப்பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த ஆள் அங்கே வேண்டும். நாசிக்கில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட சுகோய் 30 விமானங்களுக்கும் இது பொருந்தும். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நான்கு விமானப்படை அதிகாரிகளும் 2020-21-இல் மாஸ்கோவுக்கு அருகே ககாரின் விண்வெளி வீரர் பயிற்சி மையத்தில் பயிற்சி பெற்றபோது ரஷ்ய மொழியும் கற்றார்கள். மருந்து ஏற்றுமதி, கோவா சுற்றுலா, வெளிநாட்டு நிறுவனங்களின் பெங்களூரு, ஹைதராபாத் அலுவலகங்கள், வெளியுறவுத் துறையின் மொழிபெயர்ப்பாளர் பணி என்று வேறு வாசல்களும் உண்டு. ஐ.நா.வின் ஆறு அதிகாரபூர்வ மொழிகளில் ரஷ்யனும் ஒன்று. கஜகஸ்தான், கிர்கிஸ்தான், பெலாரஸ் நாடுகளிலும் அது செல்லும்.

ஆராய்ச்சி வழியும் இருக்கிறது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கியை நினைத்துக்கொள்கிறேன். சங்கப் பாடல்களில் தோய்ந்து, வாழ்நாள் முழுவதையும் அதற்கே கொடுத்து, 2020 நவம்பரில் கொரோனாவால் இறந்தார். அங்கே ஒருவர் நம் மொழிக்குச் செய்ததை, இங்கிருந்து அவர்கள் மொழிக்குச் செய்ய ஆள் மிகக் குறைவு. சோவியத் காலத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் மாஸ்கோவிலேயே தங்கி வேலை செய்தார்கள். அந்த ஏற்பாடு நின்ற பிறகு ரஷ்ய எழுத்து நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறது. பணம் குறைவான பாதைதான். பையனுக்குத் தகுதி இருந்தால் நான் தடுக்க மாட்டேன்.

எங்கே படிப்பது? டெல்லி ஜே.என்.யூ.வில் ரஷ்ய மொழியில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சி.யூ.ஈ.டி. வழியாகச் சேர்க்கை, செலவு குறைவு. ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் நல்ல இடம். கணக்கும் இயற்பியலும் அவனுக்கு வருமென்றால் என் விருப்பம் வேறு: ஊரிலேயே பொறியியல் சேரட்டும், கூடவே ரஷ்ய மொழியைத் தொடரட்டும். சென்னை ஆழ்வார்பேட்டை, கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்ய கலாச்சார மையத்தில் வகுப்புகள் நடக்கின்றன. மாஸ்கோவின் புஷ்கின் மொழிக் கழகம் இணையத்தில் இலவசமாகவே பாடம் தருகிறது. எந்த வழியானாலும் டோர்ஃபில் என்னும் ரஷ்ய மொழித் தேர்வில் பி-1 என்னும் இடைநிலையை எட்டுவது முதல் இலக்காக இருக்கட்டும். ரஷ்யாவில் இளங்கலையில் ரஷ்ய வழியில் சேரக் கேட்பதும் அந்த நிலையைத்தான்.

நேராக ரஷ்யாவுக்கே போக ஆசைப்பட்டால் ரஷ்ய அரசின் உதவித்தொகைக்கு அவனே விண்ணப்பிக்கலாம், ஏஜென்ட் வேண்டாம். கல்விக் கட்டணம் கிடையாது. மாத உதவித்தொகை மிகச் சிறியது, சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். முதல் வருடம் மொழிக்கான ஆயத்தப் படிப்பு. 2022 மார்ச் முதல் நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாது, பணத்துக்கு முன்பே வழி செய்துகொள்ள வேண்டும். குளிரைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். மாஸ்கோவில் ஜனவரியில் சராசரி மைனஸ் ஆறு டிகிரி இருக்கும், ஆனால் கட்டடங்களுக்குள் வெப்பமூட்டிகள் ஓடுவதால் சட்டையோடு உட்காரலாம். சைவம் என்றால் விடுதிப் பொதுச் சமையலறையில் தானே சமைக்கக் கற்றுக்கொண்டு போகட்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உதவியாளர் வேலை, நல்ல சம்பளம், குடியுரிமை என்று சொல்லி எந்த ஒப்பந்தத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவனுக்கு ஆணித்தரமாகச் சொல்லுங்கள். அப்படிப் போன இந்திய இளைஞர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள், சிலர் இறந்தும் இருக்கிறார்கள். மாணவர் விசாவில் போனவர்களும் அதில் உண்டு. நம் வெளியுறவு அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. பதினெட்டு வயதில் தனியாகப் போகும் பையனுக்கு இந்த ஆபத்து நிஜமானது. அதனால்தான் முதல் பட்டம் இங்கே, அப்புறம் முதுகலைக்கோ ஒரு வருட மொழிப் படிப்புக்கோ அங்கே என்பதை நான் விரும்புகிறேன்.

சி.யூ.ஈ.டி. அறிவிப்பைத் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் பார்த்துக்கொண்டிருங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்து வையுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. மூன்று மாதம் கழித்து அவன் எழுதிய தாள்களோடும், பிளஸ் டூ கணக்கு, இயற்பியல் மதிப்பெண்களோடும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்த முறை கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள், அம்மா.