சாட்சிக் கையெழுத்து

வணக்கம் ஐயா,

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே குடும்பத்தில் பிறந்தவள். அப்பா சபையில் மூப்பர். ஞானஸ்நானம் எடுத்த நாளில் தாலி உட்பட எல்லா நகையையும் கழற்றிவைத்தவர் அம்மா. எனக்கோ கல்லூரியிலேயே விசுவாசம் போய்விட்டது. சென்ற ஆண்டு ஓர் இந்துவை மணக்க முடிவுசெய்து வீட்டில் சொன்னேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “பதிவுத் திருமணத்துக்கு மூன்று சாட்சி வேண்டுமே, யாரை வைத்திருக்கிறாய்?” என்று கேட்டார். முதல் கையெழுத்து அவருடையதுதான்.

தாலியை மாப்பிள்ளை வீட்டில் செய்துவிட்டார்கள். அதைக் கோக்கும் செயினை வாங்க அம்மாதான் என்னைக் கடைக்கு அழைத்துப்போனார். கடைக்காரர் நீட்டியபோதும் அதைக் கையில் வாங்கவில்லை. “கொக்கி உறுதியாக இருக்குமா?” என்று மட்டும் கேட்டார். இவ்வளவு முற்போக்கான பெற்றோர் யாருக்கு வாய்க்கும்? அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடில்லாதது ஒரே ஒரு சொல்தான்: ‘முற்போக்கான’.

முற்போக்கானவர்களுக்கு இது எளிது. மதம் கடந்த திருமணத்தில் அவர்கள் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை, பெருமைகூட மிஞ்சும். உங்கள் அம்மா அப்படியா? தங்கத்தைத் தொடுவதில்லை என்ற முடிவோடு கடைக்குப் போனார், அதே முடிவோடு திரும்பினார். செயினைக் கையில் வாங்காதது அவருடைய விசுவாசம். கொக்கியைப் பற்றிக் கேட்டது உங்களுக்காக. இரண்டும் ஒரே நேரத்தில் அவருக்குள் இருந்தன. அவர் மாறிவிட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால், அவர் கொடுத்ததன் விலை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

அவிசுவாசிகளோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை உங்கள் அப்பா எத்தனை கூட்டங்களில் வாசித்திருப்பார்! அவரைப் பொறுத்தவரை நீங்கள் மீட்பை இழந்து நிற்கும் மகள். அந்த வேதனையோடுதான் பேனாவை எடுத்திருக்கிறார். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி உங்கள் அறிவிப்பு 30 நாள் அலுவலகச் சுவரில் தொங்கியிருக்கும். சபையார் எவர் கண்ணிலும் பட்டிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. தன் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் ஒரு கேள்வி வருகிறது. மூப்பர்களை எடைபோடும் கேள்வி அது.

(பெரியாரின் தாயார் சின்னத்தாயம்மையாரும் ஆசாரமான வைணவர். நாத்திகப் பிரச்சாரத்தால் நாடறிந்த மகனுக்கு அவர் தாயாகவே இருந்தார். இருவரில் யாரும் மற்றவருக்காகக் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.)

என் அப்பா பள்ளி ஆசிரியர், சைவர். நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தபோது வாராவாரம் அவர் அனுப்பும் கவரில் காகிதப் பொட்டலமாகத் திருநீறு இருக்கும். ‘எனக்கு நம்பிக்கை இல்லை, இனி அனுப்ப வேண்டாம்’ என்று ஒருமுறை எழுதினேன். வயதுக்கேற்ற நக்கலும் அதில் கொஞ்சம் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அப்பா இன்லண்ட் லெட்டருக்கு மாறிவிட்டார். அதற்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்பது தபால் விதி. எனக்கு வெற்றி. ஆனால் பிரிக்கும்போதெல்லாம் அந்த நீலத் தாளின் மடிப்பில் லேசாக வெள்ளைத் தூள் படிந்திருக்கும். வாத்தியார் கைதானே, சாக்பீஸ் என்று தட்டிவிடுவேன். அவர் இறந்த பிறகுதான் அம்மா சொன்னார்: பூஜை முடிந்து கையைத் துடைக்காமல் உட்கார்ந்துதான் எனக்குக் கடிதம் எழுதுவாராம்.

எப்படி நன்றி சொல்வது என்று கேட்கிறீர்கள். நான் சொல்லத் தவறியவன், யோசனை சொல்லும் தகுதி இல்லை. ஆனாலும் ஒன்று: ஊருக்குப் போகும்போது வீட்டு ஜெபத்தில் அவர்களோடு உட்காருங்கள். நம்புவதாக நடிக்க வேண்டாம், நடித்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பேசாமல் உட்கார்ந்தால் போதும். உங்கள் பெயர் அந்த ஜெபத்தில் எப்படியும் வரும்.

அப்பா ‘சபையில் மூப்பர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதும் மூப்பராகத்தான் இருக்கிறாரா? விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.