ஆறு மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் அடுக்கடுக்காகத் தூக்கிப்போடுகிறது. உரம் விழுந்ததாக இருக்குமா?

இந்நேரம் யாராவது எண்ணெய் தேய்த்து உரம் எடுத்திருப்பார்கள், மஞ்சள் துணியில் காசும் முடிந்திருப்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் குழந்தைகள் நரம்பியல் டாக்டரை முடிந்தால் நாளைக்கே பாருங்கள். நான் டாக்டர் இல்லை, உங்கள் குழந்தைக்கு இதுதான் என்றும் சொல்லவில்லை. "நெட்டில் படித்துவிட்டுப் பயமுறுத்தாதே" என்று எழுத வருகிறவர்கள், இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எடுத்து ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகு திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

என் மகனுக்கு அப்போது ஐந்தாம் மாதம். எழுந்ததும் தலை முன்னால் சாயும், இரண்டு கையும் விரிந்து தூக்கும், ஒரு நொடிதான். கொஞ்சம் விட்டு மறுபடி, இப்படியே வரிசையாக வந்து முடிந்ததும் வீறிட்டு அழுவான். வாயில் நுரை இல்லை, கண் சொருகவில்லை, இதை வலிப்பு என்று யார் நினைப்பார்கள்? முதலில் பார்த்த டாக்டர் வயிற்று வலி என்று சொட்டு மருந்து எழுதினார். அடுத்தவர் என் போனில் இருந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே இ.இ.ஜி.க்கு அனுப்பினார். வெஸ்ட் சிண்ட்ரோம், பச்சைக் குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு நோய். வெஸ்ட் என்ற இங்கிலாந்து டாக்டர் தன் சொந்த மகனுக்கு வந்ததையே 1841இல் 'லான்செட்' பத்திரிகைக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். இப்படித் தூக்கிப்போடும் வெட்டு சின்னதுதான், ஆனால் அது வராத நேரத்திலும் மூளையின் அலைகள் தாறுமாறாகவே ஓடும், அதனால் குழந்தை கற்றதையும் இழக்கும். இவன் முகம் பார்த்துச் சிரிப்பதையே நிறுத்தியிருந்தான்.

ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி அல்லது அதிக அளவில் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, சில குழந்தைகளுக்கு விகாபாட்ரின், இவைதான் முக்கிய மருந்துகள். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஸ்டீராய்டில் இவன் முகம் உப்பி, ராத்திரியெல்லாம் பசியும் எரிச்சலுமாக இருந்தான், பார்க்க வந்த சொந்தமோ "கொழுகொழுன்னு ஆயிட்டானே, சுத்திப் போடு" என்றது! வெட்டு நின்றுவிட்டது. பேச்சு இன்னும் தாமதம்தான், தெரபி போய்க்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், தூக்கத்திலும் இ.இ.ஜி. பதிவாக வேண்டும். அதற்காக விழிக்க வைத்து, கடைசியில் தோளில் கண்ணயர்ந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் சத்தமாக ரீல்ஸ் ஓடவிட்டார். கேட்டால் முறைக்கிறார்.

டாக்டரிடம் காட்ட நீங்களும் வீடியோ எடுக்கும்போது போர்வையை விலக்கி, முகமும் இரண்டு கையும் தெரிகிற மாதிரி எடுங்கள்.