எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் கணங்கள் கணக்கு: சூத்திரம் மனப்பாடம், ஆனாலும் விடை தப்புகிறது. எங்கே பிழை?

பிழை பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் இருக்காது. வினாவில் ஏதோ ஒரு சொல்லை அவசரத்தில் தாண்டியிருப்பீர்கள். ஜிமேட் கணிதப் பகுதியில் 45 நிமிடத்தில் 21 வினாக்கள், கால்குலேட்டர் கிடையாது. ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். அதில் முதல் அரை நிமிடத்தைப் படம் போடுவதற்கே கொடுத்துவிடுங்கள். அது வீண் இல்லை.

இரண்டு தன்மைகள் மட்டும் வரும் கணக்குக்கு வட்டம் வரையாதீர்கள். பள்ளியில் வென்படம் (ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள்) போட்டுப் பழகிய கை அதற்குத்தான் போகும். ஆனால் வட்டத்தில் ‘பெண்கள்’, ‘பட்டம் இல்லாதவர்கள்’ போன்ற மொத்தங்களை எழுத இடமே இருக்காது. மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டால் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு.

ஒரு கணக்கு: ஊழியர்களில் 60% ஆண்கள். ஊழியர்களில் 30% பேர் எம்பிஏ படித்தவர்கள். எம்பிஏ படித்தவர்களில் 60% பெண்கள். எம்பிஏ படிக்காத ஆண்கள் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு?

மொத்தம் 100 என்று வைத்துக்கொண்டால்:

ஆண்: எம்பிஏ 12 | இல்லை 48 | மொத்தம் 60
பெண்: எம்பிஏ 18 | இல்லை 22 | மொத்தம் 40
மொத்தம்: எம்பிஏ 30 | இல்லை 70 | மொத்தம் 100

விடை 48. ‘எம்பிஏ படித்தவர்களில் 60% பெண்கள்’ என்பதை ‘பெண்களில் 60% பேர் எம்பிஏ’ என்று படித்தால் 40இல் 24 வரும். ஆண் எம்பிஏ 6 ஆகும். விடை 54 ஆகிவிடும். கட்டம் எங்கும் இடிக்காமல் நிரம்புவதால் சந்தேகமே வராது. தேர்வில் அந்த 54ம் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் ‘யாரில்?’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பின்னங்கள் வந்தால் 100ஐ விடுங்கள். மூன்றில் ஒன்று, ஐந்தில் இரண்டு என்றால் 15 அல்லது 30 எடுத்தால் முழு எண்களாக வரும். வினாவிலேயே ஆட்களின் எண்ணிக்கை ஏதாவது கொடுத்திருந்தால் மட்டும் மொத்தத்தை நீங்களாக வைக்கக் கூடாது.

மூன்று கணங்கள் என்றால் வட்டத்துக்கு வாருங்கள். இங்கே சூத்திரம் ஒன்றல்ல, இரண்டு. எதைப் போடுவது என்பது ‘சரியாக இரண்டு’ என்று சொல்கிறார்களா, இல்லை, ‘ஸ்பானிஷும் பிரெஞ்சும்’ என்று சோடி சோடியாகச் சொல்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

120 மாணவர்கள். ஸ்பானிஷ் 50, பிரெஞ்சு 45, ஜெர்மன் 40. சரியாக இரண்டு மொழி படிப்பவர் 25, மூன்றும் படிப்பவர் 5. எதுவும் படிக்காதவர் எத்தனை பேர்?

மூன்றையும் கூட்டினால் 135. இரண்டு மொழிக்காரர் அதில் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறார், ஒருமுறை கழிக்க வேண்டும். மூன்று மொழிக்காரர் மும்முறை வந்திருக்கிறார், இருமுறை கழிக்க வேண்டும். 135 − 25 − 10 = 100. மீதி 20.

பள்ளிச் சூத்திரப்படி (மூன்றின் கூட்டல் − சோடிகள் + மூன்றிலும் இருப்பவர்) 135 − 25 + 5 = 115 என்று போட்டால் விடை 5 ஆகும். அந்தச் சூத்திரம் சோடிகளுக்கானது. சோடிக் கணக்கில் மூன்று மொழிக்காரர் மூன்று சோடியிலும் இருப்பதால் மும்முறை கழிபட்டு அடியோடு காணாமல் போகிறார். அதனால்தான் ஒருமுறை கூட்டுகிறோம். இதே வகுப்பில் சோடிகளின் கூட்டுத்தொகை 25 + 3×5 = 40. 135 − 40 + 5 = 100, அதே விடை.

மூன்றிலும் இருப்பவரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கில் இந்தக் குழப்பம் தானாகவே வெளிப்பட்டுவிடும்: சூத்திரம் மாறிப்போனால் விடை எதிர்ம எண்ணாக வரும். அப்போது குறியை அழித்துவிட்டு மேலே போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், வினாவைத் திரும்பப் படியுங்கள்.

‘குறைந்தபட்சம் எத்தனை பேர் மூன்றிலும்?’ என்ற வகைக்கு இல்லாதவர்களை எண்ணுவதே எளிது. 100 பேரில் 70, 80, 85 பேர் மூன்று தாள்களில் தேர்ச்சி என்றால் தவறியவர்கள் 30, 20, 15. இவர்கள் எல்லாரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தாலும் 65தான். ஆக 35 பேராவது மூன்றிலும் தேர்ச்சி.

தரவு போதுமா என்று கேட்கும் வினாக்கள் இப்போது ஜிமேட்டின் டேட்டா இன்சைட்ஸ் என்ற தனிப் பகுதியில் வருகின்றன. அங்கே பொறி வேறு மாதிரி. 40 பேரில் கால்பந்து பிடித்தவர் 25, கிரிக்கெட் பிடித்தவர் 20. இரண்டும் பிடித்தவர் எத்தனை? 5 என்று வாய் தானாகச் சொல்லும். இரண்டும் பிடிக்காதவர் யாரும் இல்லை என்று வினா எங்கும் சொல்லவில்லையே! விடை 5இலிருந்து 20 வரை எதுவாகவும் இருக்கலாம், தரவு போதாது.